மலைச்சாலை, சின்னக் கார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் நாமக்கல், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் தளத்தில் ரேஸிங் கேம்கள் பற்றி வருவதையெல்லாம் விடாமல் வாசிப்பவன். முதன்முறையாக எழுதுகிறேன். காரணம், வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஃபோர்ஸா ஹொரைசன் 6 கார் கேம் 2026 மே 19 அன்று வருகிறது! இந்த முறை ஜப்பான்! டோக்கியோ நகரம், நான்கு பருவங்கள், டைகோகு வாகன நிறுத்தம் மாதிரி கார்ப் பிரியர்கள் கூடும் கார் மீட், மலைச்சாலையில் ஒண்டிக்கு ஒண்டி டோகே போட்டி, நாமே கட்டிக்கொள்ள ஒரு பெரிய இடம், 550க்கு மேல் கார்கள். டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆனால் என் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "ஒவ்வொரு தடவையும் ஊரை மட்டும் மாத்துறானுங்க. கார் அதே கார், ரோடு அதே ரோடு. இதுக்கா இந்த ஆட்டம் ஆடுற?" என்றான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கோபம்தான் வந்தது.

என் கேள்விகள் இவைதான். இந்தப் புதிய அம்சங்களில் நிஜமாகவே புதியது எது? நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? சில நாட்கள் முன்னதாகவே விளையாடலாம் என்கிற பிரீமியம் பதிப்பை வாங்கலாமா? என்னிடம் லேப்டாப்பில் ஹொரைசன் 5 இருக்கிறது, கீபோர்டில்தான் ஓட்டுகிறேன். ஸ்டியரிங் வீல் வாங்கக் காசு சேர்க்கட்டுமா?

அன்புடன்,
தங்கள் வாசகன், நாமக்கல்

*

அன்புள்ள தம்பி,

நம்புகிறேன். 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் ஜப்பான் என்று அறிவித்த நாளிலிருந்து நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன். இதற்கு முன் வந்த ஐந்து கேம்களின் களம்: 2012இல் கொலராடோ, 2014இல் தெற்கு பிரான்சும் வடக்கு இத்தாலியும், 2016இல் ஆஸ்திரேலியா, 2018இல் பிரிட்டன், 2021இல் மெக்சிகோ. ஒவ்வொரு முறை புது ஊர் அறிவிக்கும்போதும் உலகம் முழுக்க ரசிகர்கள் "ஜப்பான் எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதினான்கு வருடம் கேட்டது கிடைக்கிறபோது தூக்கம் கெடத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் அண்ணன் சொன்னதைக் கோபத்தோடு ஒதுக்கிவிட வேண்டாம். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் புரிந்துகொண்டால்தான் ஜப்பான் ஏன் முக்கியம் என்று சொல்ல முடியும்.

ஹொரைசன் 5இன் மெக்சிகோவை நினைத்துப் பாருங்கள். அழகான மேப், சந்தேகமே இல்லை. ஆனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நீங்கள் எப்படிப் போவீர்கள்? சாலையிலா? பெரும்பாலும் கிடையாது. மேப்பில் புள்ளியை வைத்துவிட்டு, வயல், கள்ளிச்செடி, வேலி என்று எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு நேர்கோட்டில் போவோம். சாலையில் போனாலும் அது அகலமான, நீளமான நெடுஞ்சாலை. கூடவே வீல்ஸ்பின் என்கிற பரிசுச் சக்கரம் கார்களை அள்ளிக் கொட்டும். விளையாட ஆரம்பித்த அன்று மாலையே மணிக்கு 400 கிலோமீட்டர் போகிற வண்டி கராஜில் நிற்கும். அவ்வளவு வேகமான காருக்கு அகலமான சாலை வேண்டும். அகலமான சாலையில் அவ்வளவு வேகமாகப் போனால் எல்லா வளைவும் ஒரே வளைவுதான். "ரோடு அதே ரோடு" என்று அண்ணன் சொன்னது அதைத்தான். அந்த மேப்பிலும் எரிமலைக்கு ஏறும் சாலை ஒன்று உண்டு, குவானஹுவாட்டோ நகரத்தில் ஒடுக்கமான தெருக்களும் சுரங்கப்பாதைகளும் உண்டு. ஹொரைசன் 5இல் எனக்குப் பிடித்த இடங்கள் அவை இரண்டும்தான். ஆனால் மொத்த மேப்பில் அவை ஓர் ஓரம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். நான் காத்திருப்பது மலைச்சாலைக்கு. நீங்கள் எழுதிய பட்டியலில் அது நடுவில் எங்கேயோ ஒளிந்திருந்தது. என் கணக்கில் முதலில் நிற்க வேண்டியது அதுதான். மற்ற அம்சங்களில் பாதி, அந்தச் சாலை சரியாக அமைந்தால்தான் பயன்படும்.

ஜப்பான் நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மலை. சமவெளியில் நகரங்களும் வயல்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்படித் தாண்டுகிற கணவாய்ச் சாலைகளைத்தான் டோகே என்கிறார்கள். குன்மா மாகாணத்தின் ஹருனா, அகாகி, உசுய் எல்லாம் கார்ப் பிரியர்களுக்கு மனப்பாடம். நிக்கோ ஊருக்கு மேலே இரோஹாசாகா என்று ஒரு சாலை. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று இரண்டு ஒருவழிப் பாதைகள். இரண்டிலும் சேர்த்து 48 வளைவுகள், ஏறும்போது 20, இறங்கும்போது 28. ஒவ்வொரு வளைவிலும் பழைய ஜப்பானிய எழுத்து வரிசையிலிருந்து ஓர் எழுத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் நாமக்கல்காரர். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண் பலகையைப் பார்த்து எண்ணிக்கொண்டு போயிருப்பீர்கள். அந்த உடம்பு அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், எதிரில் என்ன வருகிறது என்று தெரியாது, டிரைவர் கியரைக் குறைக்கிற சத்தம் கேட்டதும் கை தானாகக் கம்பியைப் பிடிக்கும். இரோஹாசாகா எப்படி இருக்கும் என்று உங்களுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட சாலையில் கேம் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

மலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பிரேக் போட்டால் இன்னும் சாய்கிறது. முன்சக்கரங்கள் சாலையைக் கெட்டியாகப் பிடிக்க, பின்சக்கரங்கள் லேசாகி வழுக்கப் பார்க்கும். எஞ்சின் எவ்வளவு பெரிது என்பது அங்கே இரண்டாம் பட்சம். இறக்கம்தானே வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. எங்கே பிரேக்கை விடுவது, எவ்வளவு சீக்கிரம் வண்டியைத் திருப்புவது, வண்டி எவ்வளவு லேசானது, இவைதான் முதலில் நிற்கும். 1983இல் வந்த டொயோட்டாவின் ஏஇ86 இன்றைக்கும் கொண்டாடப்படுவது இதனால்தான். 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 130 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இயக்கம். இன்றைய குடும்பக் கார் ஒன்று நேர்சாலையில் அதை எளிதாகத் தாண்டிப் போய்விடும். ஆனால் இறக்கத்தில், கெய்ச்சி சுச்சியா மாதிரி ஓர் ஓட்டுநர் கையில், அது தன்னைவிட இரண்டு மடங்கு சக்தியுள்ள வண்டியைத் துரத்தியது. வண்டியை வேண்டுமென்றே பக்கவாட்டில் வழுக்கவிட்டு வளைவைக் கடக்கும் டிரிஃப்ட் என்கிற கலைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்தக் காரில், அந்த மாதிரி மலைகளில் பழகியவர்.

அதாவது டோகே சாலையில் மெதுவான காருக்கு மதிப்பு வருகிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலேயே இதயம் அடித்துக்கொள்ளும். ஹொரைசன் வரிசைக்கு இது பெரிய மாற்றம். இத்தனை வருடமாக இன்னும் வேகம், இன்னும் பெரிசு என்று போய்க்கொண்டிருந்த வரிசை இது. அதில் ஒரு சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஒரே மலையில் ஒரு மாலை முழுக்க ஏறி இறங்கினால் அலுக்காது என்றால், உங்கள் அண்ணனுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

சின்னக் கார் என்றதும் ஜப்பானின் கெய் கார்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. போருக்குப் பிறகு, மக்கள் வாங்கக்கூடிய விலையில் வண்டி வேண்டும் என்று 1949இல் அரசு ஏற்படுத்திய பிரிவு அது. எஞ்சின் வரம்பு முதலில் மிகச் சிறியதாக இருந்து, 360 சிசி, 550 சிசி என்று வளர்ந்து 1990இல் 660 சிசி ஆனது. நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், சக்தி 64 குதிரைத்திறனுக்குள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஜப்பான்காரர்கள் செய்து பார்த்த விளையாட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. 1991இல் வந்த ஹோண்டா பீட்டில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மொத்த எடை 760 கிலோ. மறுவருடம் வந்த ஆட்டோஸாம் ஏஇசட்-1க்குக் கதவு பறவைச் சிறகு மாதிரி மேல்நோக்கித் திறக்கும். அதுவும் கெய் கார்தான்!

இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமும் இல்லை. 1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்த மாருதி 800 எது என்று நினைக்கிறீர்கள்? சுசூகியின் கெய் கார் உடம்பில் 796 சிசி எஞ்சின் வைத்த வண்டி. நம் வீடுகளில் முதல் காராக நின்றது ஜப்பானின் ஒடுக்கமான தெருக்களுக்காக வடிவமைத்த கார். அவர்களும் நம்மைப் போலச் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள், ஸ்டியரிங் வலது பக்கம். மெக்சிகோவில் காரின் உள்ளே இருந்து பார்க்கும் கேமராவை வைத்து ஓட்டும்போது ஏதோ இடிக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஜப்பானில் அது இருக்காது. உள்கேமரா வைத்து ஓட்டுங்கள், நான் சொல்வது புரியும்.

அடுத்து டோக்கியோ. இந்த வரிசையிலேயே பெரிய நகரம் என்று அறிவித்திருக்கிறார்கள். எனக்கு வானுயரக் கட்டடங்களைவிட, கட்டடங்களுக்கு நடுவே நெளிந்து போகும் ஷுட்டோ அதிவேகச் சாலை மேல்தான் ஆசை. அந்தச் சாலை ஏன் அப்படி நெளிகிறது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1964 ஒலிம்பிக்குக்குள் கட்டி முடிக்க வேண்டும். நெருக்கமான நகரத்தில் நிலம் வாங்க நேரமும் இல்லை, பணமும் போதாது. அதனால் ஆறுகளுக்கும் கால்வாய்களுக்கும் மேலேயே தூண் நட்டுச் சாலையைக் கொண்டுபோனார்கள். சில இடங்களில் கால்வாயை வற்ற வைத்து அதன் அடியிலேயே சாலை போட்டார்கள். முதல் பகுதி 1962இல் திறந்தது. தண்ணீர் போன வழியில் சாலையும் போனதால்தான் இத்தனை வளைவு. நகர நடுவைச் சுற்றிவரும் சி1 வளையம் சுமார் 15 கிலோமீட்டர்தான். அதற்குள் சுரங்கம், சட்டென்று வரும் கிளைப்பாதை, பார்வை மறைக்கும் திருப்பம் என்று எல்லாமே உண்டு. நிஹோன்பாஷி என்கிற புராதனப் பாலத்தின் தலைக்கு மேலேயே அந்தச் சாலை போகிறது. அந்தப் பகுதியை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது, 2040 வாக்கில் மேலே இருப்பதை எடுத்துவிடுவது திட்டம்.

டைகோகு பற்றி ஆசையாக எழுதியிருந்தீர்கள். யோகோஹாமா துறைமுகத்தில், அதிவேகச் சாலைகள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் வாகன நிறுத்தம் அது. சுற்றிலும் சுருள் சுருளாக மேம்பாலங்கள், நடுவில் லாரிக்காரர்கள் இளைப்பாற ஓர் இடம். வார இறுதி இரவுகளில் அங்கே கார்ப் பிரியர்கள் கூடுவார்கள். யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை. பானட்டைத் திறந்து வைத்துவிட்டு நிற்பார்கள், அடுத்தவர் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், பேசுவார்கள். கூட்டம் அதிகமானால் போலீஸ் வந்து மூடிவிடும். ரேஸிங் கேமுக்குள் ரேஸ் இல்லாத ஓர் இடத்தைத் திறக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். மணிக்கணக்கில் உட்கார்ந்து பெயின்ட் அடித்த காரை இதுவரை நாம் யாருக்குக் காட்டினோம்? எதிரில் வருகிற ஆட்டக்காரன் 300 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போய்விடுவான்.

அந்தக் கூட்டங்கள் ஏன் உருவாயின என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1989இலிருந்து 2004 வரை ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தன. உள்நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை. ஸ்கைலைன் ஜிடி-ஆர், சுப்ரா, என்எஸ்எக்ஸ் என்று எல்லாமே காகிதத்தில் 280தான். உள்ளே அதைவிட அதிகம் தாங்கக்கூடிய எஞ்சின்கள். பூட்டிவைத்த அந்தச் சக்தியைத் திறந்துவிடுவதுதான் டியூனிங் கடைகளின் வேலை ஆயிற்று. ஒரே மாடல் கார் பத்து பேரிடம் பத்து விதமாக இருக்கும். கூடி நின்று பார்க்க, பேச, அதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது யாரும் அதிகம் பேசாத ஓர் அம்சத்துக்கு வருகிறேன். இந்த முறை நாம் நட்சத்திர ஓட்டுநராக வந்து இறங்குவதில்லை. ஜப்பானுக்கு வந்த ஒரு சாதாரணச் சுற்றுலாப் பயணியாகத் தொடங்கி, அடுத்த கட்டத்தைத் திறக்கும் கைப்பட்டைகளை ஒவ்வொன்றாகச் சம்பாதித்து மேலே போக வேண்டும். கைப்பட்டை முறை 2012இன் முதல் ஹொரைசனில் இருந்தது. அதன் பிறகு வந்தவற்றில் மெல்ல மெல்ல நம்மை மாலை போட்டு வரவேற்கிற பழக்கம் வளர்ந்து, மெக்சிகோவில் விமானத்திலிருந்து இறங்கும்போதே நாம் சூப்பர் ஸ்டார். எல்லாம் முதல் நாளே கிடைத்துவிட்டால் எதன் மேலும் பிரியம் வருவதில்லை. முதல் கேமில் ஒரு பழைய காரோடு நீண்ட நேரம் கிடந்தோம், அதனால் அந்தக் கார் எது என்று இன்றும் நினைவிருக்கிறது. மெக்சிகோவில் என் நூறாவது கார் எது? தெரியாது. இந்தக் கைப்பட்டை முறை உண்மையிலேயே நம்மைச் சின்னக் கார்களோடு சில நாள் தங்க வைக்குமானால், மலைச்சாலையும் அதுவும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். இரண்டாம் நாளே பரிசுச் சக்கரம் ஹைப்பர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் நான் உண்மையாகவே வருத்தப்படுவேன்.

பருவங்கள் பற்றிச் சுருக்கமாக. ஹொரைசன் 4இன் பிரிட்டன் மேப்பில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து அதன் மேலேயே ஓட்டலாம், அது அருமையான யோசனை. மெக்சிகோவின் பருவங்களில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. ஜப்பானில் வசந்தத்துக்குச் செர்ரிப் பூ, இலையுதிர்காலத்துக்குச் சிவந்த மேப்பிள், ஜப்பான் கடல் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் பனி. படம் எடுக்க நன்றாக இருக்கும். என் ஆசை வேறு. கோடையில் மனப்பாடம் செய்த அதே வளைவு, மழையிலும் பனியிலும் வேறு வளைவாக மாற வேண்டும். பிரேக் போடும் இடம் பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும். அப்படியானால் ஒரு மலைச்சாலை நான்காகிவிடும்.

550 கார்கள் என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அந்த எண்ணிக்கையில் எந்தெந்தக் கார்கள் என்பதுதான் கேள்வி. ஹொரைசன் 4 வெளியானபோது டொயோட்டாவின் சாலைக் கார் ஒன்றுகூட அதில் கிடையாது, உரிமம் கிடைக்கவில்லை. பிறகுதான் சுப்ரா திரும்பி வந்தது. இந்த முறை அட்டைப்படத்திலேயே டொயோட்டாவின் ஜிஆர் ஜிடி நிற்கிறது. டொயோட்டா இல்லாத ஜப்பானை யோசிக்கவே முடியாது என்பதால் எனக்கு அதுவே நிம்மதி. நீங்கள் சொன்ன, நாமே கட்டிக்கொள்ளும் இடம் பற்றி, கட்டுவதில் ஆர்வம் உள்ளவர்கள் அதில் என்னென்னவோ செய்வார்கள். அவர்கள் கட்டுவதில் போய் ஓட்டிப் பார்க்க நான் தயார்.

பிரீமியம் பதிப்பு? வேண்டாம் தம்பி. நான்கு நாள் முன்னதாக விளையாடுவதற்காக ஒரு மாணவர் அவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை. வெளியாகும் அன்றே மைக்ரோசாஃப்டின் சந்தாச் சேவையான கேம் பாஸிலும் வருகிறது. ஒரு மாதச் சந்தா போட்டு ஓட்டிப் பாருங்கள், உங்கள் லேப்டாப் அதைத் தாங்குகிறதா என்றும் தெரிந்துவிடும். பிடித்தால், ஏதாவது தள்ளுபடி வரும்போது சாதாரணப் பதிப்பைச் சொந்தமாக வாங்குங்கள். சொந்தமாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்களின் உரிமங்கள் குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான். அவை தீர்ந்ததும் கேமையே கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஹொரைசன் 4ஐ 2024 டிசம்பர் 15 அன்று அப்படித்தான் எடுத்தார்கள், முந்தைய மூன்றுக்கும் அதே கதி. வாங்கி வைத்தவர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள், வாங்காதவர்களுக்கு இப்போது கடையில் வழியில்லை. உங்கள் நண்பர்களில் பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இந்த வருடமே கொஞ்சம் தாமதமாக வருகிறது.

ஸ்டியரிங் வீலுக்குக் காசு சேர்க்க வேண்டாம். முதலில் ஒரு சாதாரண கன்ட்ரோலர் வாங்குங்கள். கீபோர்டில் ஆக்ஸிலரேட்டர் என்பது முழுசாக உண்டு அல்லது இல்லவே இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. ஸ்டியரிங்கும் அப்படியே. அகலச் சாலையில் அது பெரிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் பாதி பிரேக், கால் ஆக்ஸிலரேட்டர் என்று விரலால் அளந்து கொடுக்க முடியாவிட்டால் பின்சக்கரம் ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு போகும். நன்றாக ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் இந்த வரிசையைக் கன்ட்ரோலரில்தான் விளையாடுகிறார்கள்.

அப்புறம் ஒன்று, நாமக்கல்காரர் என்பதால் சொல்கிறேன். ஜப்பானில் மலைச்சாலைப் பந்தயம் சட்டவிரோதம்தான், அதில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஹருனா மலையில் டிரிஃப்ட் செய்பவர்களைத் தடுக்கச் சாலையிலேயே மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையில் பைக்கை எடுத்துக்கொண்டு இதையெல்லாம் முயன்று பார்க்கும் பையன்களை நானும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யக் கூடாது, உங்கள் நண்பர்களையும் விடக் கூடாது.

மே 19 வரை என்ன செய்வது? ஹொரைசன் 5ஐத் திறங்கள். மிக மெதுவான கார்கள் இருக்கும் டி வகுப்பிலிருந்து ஒரு பழைய, லேசான, பின்சக்கர இயக்கக் காரை எடுங்கள். எதையும் மேம்படுத்த வேண்டாம். எரிமலை உச்சிக்குப் போய், சாலையை விட்டு இறங்காமல் அடிவாரம் வரை வாருங்கள். முதலில் சாலையில் காட்டும் வழிகாட்டுக் கோட்டை, பிரேக் போடும் இடத்துக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றுங்கள். பழகியதும் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு, தவறினால் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்டை மறந்துவிடுங்கள், தவறினால் மேலே போய் மறுபடி ஆரம்பியுங்கள். கியரை நீங்களே மாற்றுங்கள். கன்ட்ரோலர் வந்த பிறகு, பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸையும் அணைத்துப் பாருங்கள், பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று விரலுக்குத் தெரிய வரும். உதவிகளை அணைக்க அணைக்கப் பந்தயங்களில் கிடைக்கும் காசும் கூடும்.

ஒருநாள் கன்ட்ரோலரை அண்ணன் கையில் கொடுத்து, அதே காரில், அதே சாலையில் இறங்கச் சொல்லுங்கள். யார் நேரம் குறைவு என்று பார்த்துவிட்டு, எந்தக் காரில் இறங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்